பீட்ரூட் இல்லாத நாட்கள்

இன்னும் கொஞ்ச நேரம் அடக்கிக்கொள்ளலாம் என்று வசந்தாமணி நினைத்தாள். அடிவயிற்றில், இடது பக்கம், யாரோ கதவை ஒரு தடவை தட்டிவிட்டு உள்ளே ஆள் இருக்கிறதா என்று காதைக் கொடுத்து நிற்பது போல இருந்தது. ஆள் இல்லை, அப்புறம் வா. அவள் முதுகை நிமிர்த்திச் சாப்பாட்டு மேஜை முன்னால் உட்கார்ந்து, வெண்பூசணிச் சாற்றில் ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் மென்றாள். சாற்றையும் மெல்லத்தான் வேண்டும், எச்சில் கலக்காத எதுவும் வயிற்றுக்குப் பாரம் என்று இயற்கை உணவு வகுப்பு நடத்துகிற கோகிலா சொல்லியிருக்கிறாள். மாத்திரை போட்டாகிவிட்டது. மாத்திரை என்று சொல்லக்கூடாது, என்சைம். பப்பாளியிலிருந்தும் அன்னாசியிலிருந்தும் எடுத்துத் தூளாக்கிக் கேப்சூலுக்குள் அடைத்த உயிர். வெறும் வயிற்றில் உள்ளே போய், வருஷக்கணக்காகக் குடலின் மடிப்புகளில் ஒட்டிக் கிடக்கிற பழையதையெல்லாம் அரித்து எடுத்து வெளியே அனுப்பும். அனுப்பட்டும். ஆனால் இப்போது வேண்டாம். அவர் சாப்பிட்டு முடித்து, கை கழுவி, லைப்ரரிக்குக் கிளம்பிப் போன பிறகு. வீடு காலியான பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு, விளக்கைப் போட்டு, நன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். பார்ப்பது என்பதுதான் ஏற்பாடு. அதற்காகத்தான் வெள்ளிக்கிழமையோடு பீட்ரூட்டை நிறுத்தியது. சனிக்கிழமை சிவப்பாகப் போனது. முந்தின நாள் குடித்தது மிச்சமிருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமையும் சிவப்பு, குடல் என்ன குழாயா, திறந்ததும் காலியாக, கொஞ்சம் தங்கித்தான் போகும் என்று சொல்லிக்கொண்டாள். நேற்று போகவே இல்லை. போகவில்லையா, போகவிடவில்லையா. இன்று செவ்வாய்க்கிழமை. இன்றைக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கையில் இல்லை. இன்றைக்கும் சிவப்பாக இருந்தால் அது பீட்ரூட் இல்லை.

அப்படியானால் அது என்ன என்ற இடத்துக்கு வந்ததும் மனசு ஒடித்துத் திரும்பியது. நடுரோட்டில் மாடு படுத்திருந்தால் ஸ்கூட்டர்க்காரன் பார்க்காதவன் போலச் சுற்றிக்கொண்டு போவானே, அந்த மாதிரி. இன்றைக்குத் தட்டை இன்னும் படம் பிடித்து அனுப்பவில்லை. அதைச் செய்யலாம். அவள் எழுந்து பிரிட்ஜைத் திறந்தாள். முளைகட்டிய பாசிப்பயறு, துருவிய தேங்காய், வெள்ளரி, கொய்யா, ஒரு கைப்பிடி கறிவேப்பிலை. கடைசியாக ஒரு சின்ன டப்பா. அதற்குள் வட்டம் வட்டமாக நறுக்கிய பீட்ரூட். வெள்ளிக்கிழமை நறுக்கியது. ஓரமெல்லாம் சுருண்டு, நடுவில் வெளுத்து, பழைய பொட்டு மாதிரி ஆகிவிட்டது. அதை எடுத்துத் தட்டின் ஓரத்தில் பூவாக அடுக்கி, சன்னல் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுத்து, உயிருணவுக் குடும்பம் என்கிற வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினாள். பிறகு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்ப டப்பாவில் போட்டு மூடினாள். விரல் நுனி லேசாகச் சிவந்தது. குழாயில் நீட்டித் தேய்த்தாள். இதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். பொம்மைச் சோறு ஆக்குகிற பிள்ளை மாதிரி, தின்னாததைத் தட்டில் வைத்துப் படம் எடுத்து. ஆனால் பீட்ரூட் இல்லாமல் படம் போனால் கேள்வி வரும். வசந்தாக்கா தட்டு என்றால் பீட்ரூட் பூ. அதைப் பார்த்து மேட்டுப்பாளையத்தில் யாரோ, அவிநாசியில் யாரோ, தங்கள் தட்டில் பூ அடுக்குகிறார்கள். இதோ, போன் சிணுங்கிக்கொண்டே இருக்கிறது. கைதட்டல்கள், பச்சை இலைகள், கும்பிடுகிற கைகள். அக்கா தட்டைப் பார்த்தாலே வயிறு சுத்தமாகுது என்று ஒருத்தி.

அவர்களுக்குள் வெட்கம் கிடையாது. அதுதான் அந்தக் குடும்பத்தில் சேர்ந்த புதிதில் அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தட்டுக்கு அடுத்தபடி ரிப்போர்ட். காலையில் நாக்கு எப்படி இருந்தது, வெள்ளையா, மஞ்சளா. போனது எப்படி, மிதந்ததா, அடியில் போனதா, நிறம் என்ன, வாடை என்ன. ஆண்களும் எழுதினார்கள். கோர்ட்டில் வேலை பார்க்கிறவர் ஒருவர், கையெழுத்துப் போடுவதுபோலக் கீழே பெயரும் இனிஷியலும் எழுதுவார். வசந்தாமணியின் அம்மா இதையெல்லாம் சொல்ல ஒரு சொல்லே வைத்திருக்கவில்லை. கையால் வெளிப்பக்கம் காட்டுவாள், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்குப் பிறந்தவள் மூன்று மாதம் கூச்சப்பட்டு, நாலாவது மாதம் ஒரு நாள் எழுதியே விட்டாள்: இன்று நல்ல சிவப்பு. உடனே கைதட்டல். பீட்ரூட்தான் அக்கா, நல்லா வேலை செய்யுது. கோகிலா தனியாக ஒரு குரல்செய்தி அனுப்பியிருந்தாள்: உள்ள இருக்கற பழசெல்லாம் கழண்டு வருதுங்க்கா, சந்தோசப்படுங்க. சந்தோஷப்பட்டாள். இந்தக் குடும்பத்தில் எது வந்தாலும் சந்தோஷம்தான். காய்ச்சல் வந்தால் கழிவு எரிகிறது. தலை சுற்றினால் விஷம் இறங்குகிறது. உடம்பு அரித்தால் தோல் வழியாக வெளியேறுகிறது. கெட்ட சேதி என்று ஒன்று இல்லாத வீடு அது. அப்படி ஒரு வீட்டில் இருக்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

"ஏன் வசந்தா, அந்தத் தண்ணிய இத்தன நேரமா மென்னுட்டு இருக்கற? பல்லக் கழட்டி வெச்சுட்டுக் குடி. அதாவது மிச்சமாகும்."

குழந்தைவேலு பொட்டலத்தைப் பிரித்தார். தொலைபேசி இலாகாவில் வயரும் கம்பமுமாக இருந்து ஓய்வு பெற்றவர். பொட்டலத்து நூலைக்கூட அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து, நீவி, சுருட்டி வைப்பார். முக்குக் கடை இட்லி. சாம்பார்ப் பையின் முனையை அவர் கிள்ளியதும் அந்த வாசனை மேஜையைத் தாண்டி வந்து அவள் முகத்தில் உட்கார்ந்தது. சின்ன வெங்காயம், பெருங்காயம், கொஞ்சம் வெல்லம். வடவள்ளி முழுக்க இந்தக் கடைக்காரன் ஒருத்தன்தான் சாம்பாரில் வெல்லம் போடுகிறான்.

"நீங்க உங்க இட்லியப் பாருங்க" என்றாள்.

"பாக்கறேன். அதுவும் என்னையப் பாக்குது. செத்த சாப்பாடுன்னு உங்க டீச்சரம்மா சொன்னாங்க. எனக்கென்னமோ நல்லா உசுரோட இருக்கற மாதிரிதான் தெரியுது."

அவள் சிரிக்கவில்லை. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். சிரித்தால் வயிறு குலுங்கும். அவர் இட்லியைப் பிட்டார். ஆவி போன இட்லி, ஆனாலும் மெத்தென்று. நாக்கின் அடியில் தண்ணீர் ஊறியது, அவளைக் கேட்காமலே. ஆசைதான், இல்லையென்று யார் சொன்னது. ஆனால் ஆசை இட்லி மேல். அடுப்பு மேல் இல்லை. இந்த வித்தியாசத்தை அவரிடம் ஒரு நாளும் சொல்ல முடியவில்லை. சொன்னால் புரியாது என்பதில்லை, புரிந்துவிடும், அதுதான் சிக்கல். இவர் வீட்டுக்கு வந்த மறுநாள் விடிகாலையில் அவள் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் மாமியார், மாமனார், கொழுந்தன்கள், அவர்கள் கல்யாணம், அவர்கள் பெண்டாட்டிகளின் வளைகாப்பு, மழைநாளில் கம்பம் சாய்ந்தால் இவரோடு ஈரமாக வந்து நிற்கிற லைன்மேன்களுக்கு டீ, மகள் கலைவாணிக்குப் பள்ளிக்கூட டப்பா, அவள் ஓசூருக்குக் கட்டிக்கொண்டு போன பிறகு வருகிற ஒறம்பரை சொந்தங்களுக்கு விருந்து. உடம்பு முடியாத நாளில் எழுந்து ரசம் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறாள். அம்மா செத்துப்போன சேதி வந்தபோது குக்கர் விசில் வரக் காத்திருந்துவிட்டுத்தான் அழுதாள். ரொம்ப நாளைக்கு அது தப்பாகவே படவில்லை. விசில் வந்தால்தானே அடுப்பை அணைக்க முடியும்.

பிறகு முழங்கால் வலி என்று போன இடத்தில் யாரோ சொல்லி, ஒரு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில் கோகிலாவைப் பார்த்தது. மெலிந்த பெண், மூக்குத்தி, குரலில் ஒரு அவசரம். மூச்சிரைப்பில் செத்துப் பிழைத்தவள், பச்சைக் காயும் பழமுமாகத் தின்று எழுந்து நின்றவள். மேடையில் பொய் இல்லை. அவள் சொல்கிற எதிலும் பொய் இருப்பதாக வசந்தாமணிக்கு இன்றைக்கும் தோன்றவில்லை. தீயில் வைத்த மறுகணம் சாப்பாட்டிலிருக்கிற உயிர் செத்துப்போகுதுங்க, நாம பொணத்தத்தான் தின்னுட்டு இருக்கோம், இனிமே உங்க வீட்டு அடுப்புக்கு ஓய்வு குடுங்க என்று அவள் சொன்னபோது கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். வசந்தாமணி சிரிக்கவில்லை. உயிர், பிணம் இதெல்லாம் அப்போது காதில் விழவில்லை. ஓய்வு என்கிற ஒரு சொல் விழுந்தது. அடுப்புக்கு ஓய்வு. மறுநாள் காலையில் எழுந்து அடுப்பைத் துடைத்து, மேலே ஒரு துணியை விரித்து, துணியின் மேல் வாழைப்பழச் சீப்பை வைத்தாள். நின்ற இடத்திலேயே நின்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவர் கத்தினார், சாப்பிடாமல் கிடந்தார், மகளுக்குப் போன் போட்டார், கடைசியில் முக்குக் கடைக்குப் போனார். இப்போது ஒன்பது மாதம். விடிகாலையில் சன்னலில் நின்று மருதமலை வெளுப்பதைப் பார்க்கிறாள். மருதமலை இத்தனை வருஷமும் அங்கேதான் இருந்திருக்கிறது. முழங்கால் வலி குறைந்தது, அதுவும் பொய்யில்லை. கன்னத்தில் ஒரு மினுமினுப்பு வந்தது. இளைத்தாள். ஜாக்கெட்டைத் தையல்காரியிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள். கோயிலில் பார்த்தவர்கள் எல்லாம் என்னங்க இப்படி வயசு குறைஞ்சு போச்சு என்றார்கள். பிடித்த ஜாக்கெட் மறுபடியும் தொளதொளத்தது. மறுபடியும் கொடுத்தாள். ரெண்டாவது தடவை தையல்காரி ஊசியை வாயில் வைத்துக்கொண்டு, அம்மா, இதுக்கு மேல துணியில்லீங்க, ஒடம்புல பாத்துக்கங்க என்றாள். யார் இளைக்கவைத்தது. என்சைமா, முளைப்பயறா, இல்லை, உள்ளே வேறு யாராவது உட்கார்ந்துகொண்டு அவளுக்கு முன்னால் சாப்பிடுகிறார்களா.

மறுபடியும் தட்டல். இந்தத் தடவை கொஞ்சம் அழுத்தமாக. அவள் கால்களைப் பின்னிக்கொண்டாள்.

போன் அடித்தது. தேங்காய்த் துருவல் ஒட்டிய கையால் எடுக்க முடியாமல் புறங்கையால் ஸ்பீக்கரைத் தொட்டாள்.

"பசுமை வணக்கமுங்க்கா! ஞாயித்துக்கெழமை மறந்துராதீங்க. நீங்கதான் மேடைல பேசறீங்க. பழைய போட்டோ ஒண்ணு வேணுமுங்க்கா, நல்லா குண்டா இருந்தது. இப்ப எடுத்தது ஒண்ணு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துலயே போட்டு பேனர் அடிக்கறோம்."

"என்னையப் போயி பேனர்லயா கண்ணு. வேற ஆளே இல்லையா?"

"உங்கள மாதிரி யாருங்க்கா இருக்கறாங்க. ஒரு நாளு தப்பாம தட்டு. ஆனா ரெண்டு நாளா ரிப்போர்ட்டுக் காணோமே? போகுதுங்களா?"

"போகுது."

"கலரு?"

குழந்தைவேலுவின் கை சாம்பாருக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. இவள் சொல்லப்போகிற பதிலுக்காக அல்ல, கேள்விக்காகவே அவர் நின்றுபோனார் என்று தெரிந்தது. "நல்லா இருக்குது" என்றாள் வசந்தாமணி. அதோடு வைத்திருக்கலாம். நாக்கு விடவில்லை. "கோகிலா, பீட்ரூட்டே சாப்புடாம இருந்தாலும் செவப்பாப் போகுமா கண்ணு? எனக்கில்ல. நம்ம ஒறம்பரைல ஒரு அக்கா கேட்டாங்க."

அந்தப் பக்கம் ஒரு அமைதி. ஒரு மூச்சளவு இருக்கும், அதற்குள் மிக்ஸி ஒன்று எங்கோ ஓடி நின்றது. அந்த அமைதியை வசந்தாமணி கேட்டாள். கோகிலா பேச ஆரம்பித்ததும் குரல் எப்போதும்போல ஓடத்தான் செய்தது, ஆனால் அந்த ஒரு மூச்சு முன்னாலேயே வந்து உட்கார்ந்துவிட்டது.

"பழைய ரத்தமுங்க்கா. தேங்கிக் கெடந்த கெட்ட ரத்தம் வெளிய போகுது. நல்லதுதான். பாதில மட்டும் நிறுத்தீரக் கூடாதுன்னு சொல்லுங்க அவங்களுக்கு. ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னா குழாய உட்டுப் பாக்கோணும்பாங்க, படுக்கப் போட்டுருவாங்க, அப்பறம் கஞ்சி, ரசஞ் சோறுன்னு மறுபடியும் அடுப்புதான். இத்தன நாள் பண்ணுனதெல்லாம் வீணாப்போயிரும்." பிறகு, சற்றுத் தாழ்ந்து, "அந்த அக்காவுக்கு என்ன வயசுங்க?"

"என்ற வயசுதான் இருக்கும்."

"ம்ம். என்சைம் ஒண்ணு கூட்டிக்கச் சொல்லுங்க. பாக்கலாம்."

பாக்கலாம். கோகிலா அந்தச் சொல்லை இதற்கு முன் சொன்னதில்லை. எல்லாம் தெரிந்தவள் பாக்கலாம் என்று சொல்வதில்லை. டாக்டர் சொல்லலாம், ஜோசியக்காரன் சொல்லலாம், கோகிலா சொல்லக்கூடாது. போன் வைத்தாகிவிட்டது. குழந்தைவேலு இட்லியை முடித்து, இலையை மடித்து, கை கழுவிவிட்டு வந்தார். துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"எந்த அக்கா?"

"உங்களுக்குத் தெரியாது."

"நம்ம ஒறம்பரைல எனக்குத் தெரியாம எந்த அக்கா?"

"இருக்கறாங்க. நீங்க லைப்ரரிக்குக் கிளம்பலியா? தினத்துக்கும் இந்நேரம் போயிருப்பீங்களே."

"இன்னைக்குப் போகல" என்று சொல்லிவிட்டு அவர் சோபாவில் உட்கார்ந்து பேப்பரை விரித்தார். பேப்பருக்கு மேலே அவர் நெற்றி தெரிந்தது. பக்கம் திரும்பவில்லை. அவர் படிக்கிறவர், வரி விளம்பரம் முதல் படிப்பவர், பக்கம் திருப்புகிற சத்தம் இந்த வீட்டில் கடிகாரத்தைப்போல. இன்றைக்குக் கடிகாரம் நின்றுவிட்டது. அவர் இருக்கும்போது அவள் போகப்போவதில்லை. இரண்டு அறையும் ஒரு கூடமும் உள்ள வீடு, கழிப்பறைக் கதவுக்கும் சோபாவுக்கும் நடுவே நாலு எட்டு. இத்தனை வருஷம் போகவில்லையா என்ன. போனதெல்லாம் வேறு, இன்றைக்குப் பார்க்கப் போகிறாள். பார்த்துவிட்டு வெளியே வருகிற முகத்தை அவர் பார்ப்பார். அந்த முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாதபோது அதை எப்படி மாற்றி வைத்துக்கொண்டு வருவது.

பார்க்காமல் இருந்துவிட்டால் என்ன. அம்மா பார்க்கவில்லை. அம்மாவும், அவளுக்கு முன்னால் இருந்தவர்களும், இருட்டும் நேரத்தில் சோளக்காட்டுப் பக்கம் போய் வந்தார்கள். மண் வாங்கிக்கொண்டது. உடம்பிலிருந்து என்ன போனது, என்ன நிறத்தில் போனது என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு தையில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், அடுத்த தைக்கு இல்லை. வயித்துல என்னமோ என்றார்கள். அதற்கு மேல் பேர் கிடையாது அந்தச் சாவுக்கு. இங்கே வெள்ளை வெளேரென்று பீங்கானைப் பதித்து, மேலே ட்யூப்லைட்டைப் போட்டு, பார், பார் என்கிறார்கள். பீங்கான் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பயமும் இருந்திருக்காது. பயம் இல்லாமல் இருந்திருந்தால் அம்மா மாதிரி. அம்மா பயப்படவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும். தெரியாது. சோளத்தட்டைக்கு நடுவே குந்தியிருந்தபோது அவளும் கையால் தொட்டுப் பார்த்திருக்கலாம், இருட்டில் நிறம் தெரியாமல் விரலை முகர்ந்து பார்த்திருக்கலாம், வீட்டுக்கு வந்து பாத்திரம் விளக்கியிருக்கலாம். அவளுடைய மூத்த மகள்தானே வசந்தாமணி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா. சொல்ல அவளிடம் சொல் இல்லை. வசந்தாமணியிடம் இருக்கிறது, மாதக்கணக்காக ஊருக்கே ரிப்போர்ட் எழுதியிருக்கிறாள், மிதந்தது, மூழ்கியது, மஞ்சள், பழுப்பு, நல்ல சிவப்பு. இத்தனை சொல்லையும் முன்பின் முகம் தெரியாதவர்களிடம் சொல்லி முடித்தாயிற்று. நாலு எட்டில் உட்கார்ந்திருக்கிற மனுஷனிடம் சொல்ல மட்டும் ஒன்றும் எழும்பவில்லை.

சொன்னால் அவர் நான் அப்பவே சொன்னேன் என்பார். சொல்வதற்கு உரிமை இருக்கிறது. மகள் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்குவாள், கூடவே அவள் மாமியார். கொழுந்தன்கள் வருவார்கள். அடுப்பின் மேல் இருக்கிற துணியை யாரோ எடுப்பார்கள். பச்சையாத் தின்னுட்டு இருந்தாளாமா, அதான் இப்படி என்று கூடத்தில் பேசிக்கொள்வார்கள், அவளுக்குக் கேட்கிற மாதிரி. ஒன்பது மாதமும் பைத்தியக்காரத்தனம் என்று ஆகிவிடும். மருதமலை வெளுத்ததும் பைத்தியக்காரத்தனம். அதை அவர்கள் எடுத்துக்கொண்டு போவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. வேறு எதைக் கொடுக்கச் சொன்னாலும் கொடுத்துவிடலாம். உயிரையுமா? அவள் திடுக்கிட்டு அந்தக் கேள்வியைப் பார்த்தாள். யார் கேட்டது. உயிரையுமா, வசந்தா? ஒரு துணி விரித்த அடுப்புக்காகவா? ஆமாம் என்று உள்ளே ஏதோ சட்டென்று தலையாட்டியது, ரோஷக்காரப் பிள்ளை மாதிரி. அந்தத் தலையாட்டலைக் கண்டு அவளுக்கு வயிற்றைவிட அதிகமாகப் பயம் வந்தது. சிவப்பாக இல்லாமலும் இருக்கலாம். அதை ஏன் நினைக்க மாட்டேன் என்கிறாய். மூலமாக இருக்கலாம். ஊரில் பாதிப் பேருக்கு மூலம். கொய்யா விதை கிழித்திருக்கலாம். பழுப்பாக, சாதாரணமாக, எல்லார் வீட்டிலும் போகிற மாதிரி இருந்துவிட்டால் சிரித்துக்கொண்டே வெளியே வந்து, நாளைக்கே புது பீட்ரூட் வாங்கி, மேடையில் ஏறி. மேடை. பழைய வசந்தாமணி, புது வசந்தாமணி, பக்கத்தில் பக்கத்தில். கூட்டத்தில் முன்வரிசையில் யாரோ ஒருத்தி கண்ணை எடுக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வீட்டில் தீப்பெட்டியோடு நிற்கிற ஒருத்தி. அவளும் மறுநாள் காலையில் பீட்ரூட் அரைப்பாள். அவளுக்குள் என்ன இருக்கிறதோ, யார் கண்டது.

இந்தத் தடவை தட்டவில்லை, தள்ளியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நெற்றியில் வேர்த்தது. இனி அவளுடைய ஏற்பாடு ஒன்றும் நடக்காது. அவர் போகட்டும், வீடு காலியாகட்டும் என்பதெல்லாம் உடம்புக்குக் கேட்கவில்லை. அவரைத் தாண்டிப் போகும்போது பேப்பர் கீழே இறங்கியது. அவள் திரும்பவில்லை. தாழ்ப்பாள் போட்டாள். உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், ஊசி போடும்போது மூடுகிற மாதிரி. வலி இல்லை. வலி இருந்தாலாவது ஒரு பக்கம் சாயலாம். இளஞ்சூடாக, எளிதாக, தடையில்லாமல். எவ்வளவு எளிதாகப் போகிறது, கோகிலா கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவாள். பக்கத்து வீட்டில் யாரோ வாளியை இழுத்தார்கள். சிறுவாணித் தண்ணீர் தொட்டியில் ஏறுகிற சத்தம் சுவருக்குள் ஓடியது. முடிந்தது. கழுவிக்கொண்டு, சுவரைப் பார்த்தபடியே எழுந்தாள். கை தானாகப் பின்னால் போய்த் தண்ணீர் விடுகிற பொத்தானைத் தொட்டது. அது பழக்கம். அழுத்தினால் போதும். அழுத்தினால் இன்றைக்கும் தெரியாது, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். நாளை மறுநாள் வரைக்கும்கூடச் சொல்லிக்கொள்ள ஏதாவது கிடைக்கும். விரல் பொத்தான்மேல் இருந்தது. சுவரில் பதித்த ஓடு ஒன்றின் ஓரம் விரிசல் விட்டிருந்தது. அதையே பார்த்தாள். அம்மாவுக்கு வெளிச்சம் இல்லை. உனக்கு இருக்கிறது. திரும்பு.

திரும்பிப் பார்த்தாள்.

பார்த்துக்கொண்டே நின்றாள். நிறம் என்று சொல்லக் கற்றுக்கொண்ட சொல் எதுவும் வரவில்லை. பீட்ரூட்டின் சிவப்பில் ஒரு ஊதா இருக்கும், தண்ணீரில் சீராகக் கலந்து சாயம் மாதிரி விரியும். இது கலக்கவில்லை. நூல் நூலாக நின்றது, நடுவில் ஒரு இடத்தில் கருத்துக் கட்டியாக. பார்க்கப் பார்க்க அது அவளுடையதாக இல்லாமல், யாரோ விட்டுவிட்டுப் போன பொருளாக, பிறகு திரும்பவும் அவளுடையதாக ஆனது. பொத்தானிலிருந்து கையை எடுத்தாள். எடுத்த கையால் தாழ்ப்பாளைத் திறந்தாள்.

"ஏனுங்க."

குரல் வரவில்லை. காறிக்கொண்டு மறுபடி கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இங்க கொஞ்சம் வாங்க."

செருப்பில்லாத காலடி நாலு எட்டும் வேகமாக வந்து, கதவுக்கு வெளியே நின்றுவிட்டது. "என்ன, வழுக்கி விழுந்துட்டியா?" அவர் உள்ளே வரவில்லை. இத்தனை வருஷத்தில் அவள் உள்ளே இருக்கும்போது அவர் அந்தக் கதவைத் தொட்டதில்லை.

"இல்லீங்க. உள்ள வாங்க. வந்து பாருங்க."

அவர் வந்தார். அவள் நகர்ந்து வழி விட்டாள். அந்தச் சின்ன இடத்தில் இருவரும் தோள் உரச நின்றார்கள். அவர் முதலில் அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு குனிந்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டுக்கொண்டு, முழங்காலில் கையை ஊன்றி, இன்னும் குனிந்து பார்த்தார். வெட்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. அவர் பார்க்கப் பார்க்க அவள் மூச்சு கொஞ்சம் கீழே இறங்கியது, சுமையின் ஒரு பக்கத்தை இன்னொருவர் பிடித்துக்கொண்ட மாதிரி.

"பீட்ரூட்டா?" என்றார், குனிந்தபடியே. அப்படி இருக்கட்டும் என்று அவர் ஆசைப்படுவது குரலில் தெரிந்தது.

"இல்லீங்க. வெள்ளிக்கெழமையோட நிறுத்திட்டேன்."

அவர் நிமிர்ந்தார். சொல்ல உரிமையுள்ள எதையும் அவர் சொல்லவில்லை. ஈரத் தரையில் நின்றுகொண்டு, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், ரோட்டைக் கடக்கும்போது பிடிக்கிற மாதிரி.

"எத்தன நாளா இப்படி?"

வசந்தாமணி வாயைத் திறந்தாள். இந்த ஒன்றையாவது சரியாகச் சொல்ல வேண்டும், டாக்டரும் இதைத்தான் முதலில் கேட்பார் என்று பின்னால் போய்த் தேடினாள். சனிக்கிழமை, போன வாரம், தீபாவளிக்கு முன்னால், ஜாக்கெட்டை முதல் தடவை பிடிக்கக் கொடுத்த மாசம், நல்ல சிவப்பு என்று எழுதிக் கைதட்டல் வாங்கிய அந்த நாள். ஒவ்வொரு காலையும் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு, ஒவ்வொரு காலையும் ஒரே நிறம்.

"தெரியலீங்க" என்றாள். "நெசமாவே எனக்குத் தெரியலீங்க."